ஆடாத பொறி: கயோட்டிக்காக ஒரு குளிர்காலம்

பிப்ரவரி 9-ஆம் தேதி, காலை ஏழு மணி. ஆள் முகம் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் வந்திருந்தது. வேலி மூலையில் புதைத்திருந்த மூன்றாம் எண் பொறியில் ஆண் கயோட்டி ஒன்று மாட்டியிருந்தது. முதல் பொறியை நான் புதைத்தது நவம்பர் 18-இல். அன்றைக்கு 84-ஆவது நாள். சங்கிலி எட்டும் தூரம் வரை வட்டமாகப் புல் பிய்ந்து, மண் உழுததுபோலக் கிடந்தது. பிடிப்பு அசையவில்லை. சங்கிலி அறவில்லை. விலங்கின் கால் முறியவில்லை. இந்த மூன்றும் ஒரே காலையில் அமைய எனக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் பிடித்தது. எங்கெல்லாம் தவறினேன் என்பது மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகருக்குக் கிழக்கே லிக்கிங் கவுண்டியில் எங்களுக்குப் பதினோரு ஏக்கர் நிலம் இருக்கிறது. 26 போயர் ஆடுகள், 40 கோழிகள். மூன்று பக்கமும் மக்காச்சோளமும் சோயாவும் மாறி மாறி விதைக்கிற வயல்கள். நான்காவது பக்கம் ஓடையும் அதையொட்டிய மரக்கூட்டமும். கயோட்டி இந்த மாநிலத்தின் 88 கவுண்டிகளிலும் உண்டு. நம் ஊர்க் குள்ளநரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. ஊளை மட்டும் குள்ளநரியினுடையதைப் போலவே இருக்கும். முதல்முறை கேட்டபோது வாழப்பாடியில் பாட்டி வீட்டுத் திண்ணையில் படுத்திருப்பதாகவே தோன்றியது.

அக்டோபரில் மூன்று வாரத்துக்குள் பதினொரு கோழிகள் போயின. தடயம் என்று கிடைத்தது கொத்தாகச் சில இறகுகள் மட்டுமே. உடல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கோழியை முழுதாகத் தூக்கிப்போய் மறைத்துவைப்பது செந்நரியின் பழக்கம். கோழிக்கூண்டுக்கு, இருட்டியதும் தானே மூடிக்கொள்ளும் கதவு ஒன்றை வாங்கி மாட்டியவுடன் அது நின்றுவிட்டது. நவம்பர் 2-ஆம் தேதி நடந்தது வேறு. பிறந்து ஒன்பது நாளான குட்டி ஒன்று மேய்ச்சல் நிலத்தின் கோடியில் கிடந்தது. தொண்டையில், தாடைக்குச் சற்றுக் கீழே, பல் இறங்கிய துளைகள். வயிறு மட்டும் தின்னப்பட்டிருந்தது. நாயாக இருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தேன். நாய் கடித்தால் கண்டபடி பிய்த்திருக்கும். தொடை, காது, வால் என்று எல்லா இடத்திலும் காயம் இருக்கும். இது கழுத்தைப் பிடித்து மூச்சை அடக்கிய வேலை. ஈர மண்ணில் இருந்த தடமும் அதையே சொன்னது: நாயின் தடத்தைப் போல அகன்று விரியாமல் நீள்வட்டமாக, இரண்டரை அங்குல நீளத்தில், நூல் பிடித்ததுபோல ஒரே கோட்டில் போயிருந்தது. மூன்று நாள் கழித்து இரண்டாவது குட்டியும் போயிற்று.

அவசரத்தில் நான் வாங்கியது கூண்டுப்பொறி. நாற்பத்திரண்டு அங்குல நீளக் கம்பிக்கூண்டு, 95 டாலர். உள்ளே கோழித் தொடையைக் கட்டித் தொங்கவிட்டேன். சில நாளில் மாட்டியவை பூனை அளவுள்ள ஒப்பாஸம் என்கிற விலங்கு இரண்டு, ஒரு ரக்கூன், அடுத்த வீட்டுப் பூனை. கயோட்டியின் தடம் கூண்டுக்கு எட்டடி தள்ளி ஒரு சுற்று வந்து, போன வழியே திரும்பியிருந்தது. தலைக்கு மேல் கம்பி இருக்கிற இடத்துக்குள் கயோட்டி அநேகமாக நுழையாது. இதை வாங்கும் முன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். பக்கத்துச் சோயா வயல்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சிறுவயதிலிருந்தே பொறி வைத்தவர். அவரிடம் போனது அதன் பிறகுதான்.

அவர் காட்டியது காற்பொறி: நடுவில் உள்ள தட்டை விலங்கு மிதித்ததும் இரண்டு தாடைகளும் மூடிப் பாதத்தைப் பிடிக்கும். பழைய படங்களில் வருகிற பல் வைத்த இரும்புத் தாடை அல்ல. இப்போதைய பொறியின் தாடைகள் பல் இல்லாதவை. விளிம்பில் கூடுதலாகக் கம்பி பற்றவைத்து அகலமாக்கியிருப்பார்கள். மூடிய பிறகும் இரண்டு தாடைகளுக்கும் நடுவே கால் அங்குல இடைவெளி நிற்கும். தோலை அறுக்காமல் பாதத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் நோக்கம். ஆனாலும் இது விளையாட்டுப் பொருள் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் காற்பொறிக்கு 1995 முதல் தடை இருக்கிறது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நரியைப் பிடிப்பதே குற்றம். ஊரில் ஆடு வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டு யோசனைக்குக்கூட எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒஹாயோவில் கயோட்டியை ஆண்டு முழுவதும் பிடிக்கலாம். செந்நரிக்கு நவம்பர் 10 முதல் ஜனவரி 31 வரைதான். ஒவ்வொரு பொறியிலும் பெயரும் முகவரியுமோ வனவிலங்குத் துறை தருகிற அடையாள எண்ணோ பொறித்த தகடு இருக்க வேண்டும், தினமும் தவறாமல் போய்ப் பார்க்க வேண்டும். பெரியவரின் வயலோரத்திலும் வைக்கப்போவதால் வகுப்புக்குப் போய் உரிமம் எடுத்தேன், அவரிடம் எழுத்தில் அனுமதியும் வாங்கினேன். நாய் வளர்க்கிற நான்கு வீடுகளுக்கும் நேரில் போய்ச் சொன்னேன். நாயின் கால் மாட்டினால் பொறியின் இரண்டு பக்கத்திலும் உள்ள வில் நெம்புகளை எப்படி மிதித்துத் திறப்பது என்று ஒரு பொறியை எடுத்துப்போய்ச் செய்து காட்டினேன். செலவில்லாமல் செய்த வேலைகளில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை.

கயோட்டிக்கு ஐந்தரை அங்குலத் தாடை விரிவுள்ள சுருள்வில் பொறிகள் ஆறு, ஒவ்வொன்றும் 24 டாலர். கோழிக்கூண்டுப் பக்கம் வைக்கச் சிறியது ஒன்று, 15 டாலர். புதுப் பொறியில் எந்திர எண்ணெய் பூசியிருக்கும். சலவைச் சோடா போட்ட தண்ணீரில் அரைமணி நேரம் கொதிக்கவைத்து, இரண்டு வாரம் வெளியே தொங்கவிட்டு மெல்லிய துரு ஏறவிட்டு, லாக்வுட் மரச் சாயத்தூள் கலந்த நீரில் மறுபடி வேகவைத்தால் கறுப்பாகிவிடும். இதற்கெல்லாம் எனக்கு ஏது பொறுமை? குட்டிகள் போய்க்கொண்டிருந்தன. இரண்டு பொறிகளைச் சோடா நீரில் கழுவிய கையோடு நவம்பர் 18-இல் புதைத்துவிட்டேன். மற்றவை முறையாக வெந்து சாயம் ஏறி டிசம்பர் முதல் வாரத்தில் வெளியே வந்தன.

வைக்கிற முறை எளிது. கயோட்டி எலி வளையைத் தோண்டி இரை தேடும் பழக்கம் உள்ளது. இன்னொரு விலங்கு தோண்டி இரையை ஒளித்துவைத்த குழிபோல ஒன்றை நாம் செய்கிறோம். மூன்று அங்குல விட்டம், எட்டு முதல் பத்து அங்குல ஆழம், 45 பாகைச் சாய்வு. குழியின் பின்பக்கம் ஒரு புல்குத்து இருந்தால் நல்லது. விலங்கு முன்பக்கமாகத்தான் வரும். உள்ளே விரல் அளவு இறைச்சித் துண்டு, அதன்மேல் கொஞ்சம் உலர்ந்த புல், குழி வாயில் ஒரு குச்சியில் தடவிய வாசனைப் பசை, பக்கத்தில் சில சொட்டு நரி மூத்திரம். மூத்திரம் கடையில் புட்டியில் கிடைக்கிறது. குழிக்கு முன்னால், தட்டின் நடுப்பகுதி குழி வாயிலிருந்து ஒன்பது அங்குலத் தொலைவிலும் இரண்டு அங்குலம் பக்கவாட்டிலும் இருக்குமாறு பொறி. மோப்பம் பிடிக்கக் குனியும்போது முன்னங்கால் வந்து நிற்கிற இடம் அது. செந்நரிக்கு இந்தத் தொலைவு ஆறேழு அங்குலம் போதும்.

நவம்பர் 26 காலை போய்ப் பார்த்தால், இரண்டாம் எண் பொறியை யாரோ மண்ணைத் தள்ளி எடுத்துக் காட்சிக்கு வைத்ததுபோல இருந்தது. தட்டு விழவில்லை. தாடை விரிந்தபடியே கிடந்தது. சுற்றிலும் நகம் கீறிய தடம். என் கை வாசனைதான் காரணம் என்று நினைத்து, புது ரப்பர்க் கையுறை, புது பூட்ஸ், மண்டியிடச் சாக்கு என்று வாங்கினேன். டிசம்பர் 1-ஆம் தேதி மறுபடி அதே கதை. அன்றைக்குப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வாசனையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நான் புதிதாகப் புதைத்து வைத்த பொறியின் முன் மண்டியிட்டு, தாடையின் ஒரு மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினார். எதிர்மூலை ஒரு நகக்கண் அளவு எழும்பியது. அவ்வளவுதான். "காலுக்கடியில் அசைகிற மண்ணில் நீ நிற்பாயா?" என்று கேட்டார்.

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் படித்தால் போதும் என்றால் இந்த இடத்தைத்தான் சொல்வேன். கயோட்டியின் கால் நேராகத் தட்டின்மேல் வந்து விழுவதில்லை. முதலில் தாடை மேலோ நெம்பின் மேலோ படும். அப்போது அடியில் இருக்கும் இரும்பு ஒரு மயிரிழை ஆடினாலும் அது காலை எடுத்துவிடும். அதன்பிறகு ஆடுகிற பொருள் என்ன என்று தோண்டிப் பார்க்கும். வாசனைப் பசைகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். பொறி உட்காருகிற படுக்கையைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

அவர் செய்து காட்டியதை அப்படியே எழுதுகிறேன். பொறி உட்காரும் குழியை அதன் அளவுக்கே வெட்ட வேண்டும், கை நுழைகிற அளவுக்கு அல்ல. ஆழம் இரண்டரை அங்குலம். அடிமண்ணைச் சுத்தியலின் பிடியால் இடித்துக் கெட்டியாக்கி, அதன்மேல் ஒரு கைப்பிடி தளர்ந்த மண்ணைத் தூவ வேண்டும். விரித்த பொறியை அதன்மேல் வைத்து, இரண்டு பக்கமும் பிடித்து, ஜாடி மூடியைத் திருகுவதுபோல இடதும் வலதுமாக நாலைந்து முறை திருகி அமுக்கினால், அடிச்சட்டம் தனக்கு வேண்டிய இடத்தைத் தானே செய்துகொள்கிறது. பிறகு தாடையின் வெளிப்பக்கம் சுற்றிலும் மண்ணைப் போட்டு விரல் நுனியால் குத்திக் குத்தி இறுக்க வேண்டும். விரல் வலிக்கிற வரை. நெம்புகளின் கீழே தனியாக. எப்போதும் கை தாடைக்கு வெளியே, உள்ளே ஒருபோதும் இல்லை. முடித்ததும் நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். சுவரில் பதித்த ஆணிபோல நிற்கவேண்டும். கொஞ்சம் ஆடினாலும் முழுவதையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து. தட்டுக்கு அடியில் மண் நுழைந்தால் அது கீழே இறங்காது. அதற்குத் தலையணைப் பஞ்சை ஒரு எலுமிச்சை அளவு எடுத்துத் தட்டுக்கடியில் மெதுவாக வைக்கிறேன். கடைசியாக, கால் அங்குலக் கண்ணுள்ள சல்லடையில் சலித்த உலர்ந்த மண் அரை அங்குலம். முடிந்த பிறகு அந்த இடம் சுற்றுப்புறத் தரையைவிட ஒரு நூல் தாழ்ந்திருக்க வேண்டுமே தவிர மேடாக இருக்கக்கூடாது. தொடக்கத்தில் ஒரு பொறிக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. இப்போது பன்னிரண்டு நிமிடம்.

தட்டின் இறுக்கத்திலும் தவறு செய்தேன். டிசம்பர் 5, 6, 9 ஆகிய மூன்று நாளும் ஒப்பாஸம். தட்டு லேசாக இருந்தால் எது மிதித்தாலும் விழும். ஒப்பாஸத்தை விடுவித்து அனுப்புவது கஷ்டமில்லை; ஆனால் அது மாட்டிய இரவு அந்தப் பொறி வேறு எதற்கும் உதவாது. கயோட்டிக்கு நான்கு பவுண்டு இறுக்கம் வேண்டும், அதாவது சுமார் 1.8 கிலோ. அளக்கக் கருவி விற்கிறார்கள். நான் வாங்கவில்லை. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில் 1.8 லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றி, கவிழ்த்து, மூடி தட்டின் நடுவில் படுமாறு மெதுவாக விட்டேன். பாட்டிலின் எடைக்கு விழாமல், மேலே ஒரு விரல் வைத்தால் விழ வேண்டும். தட்டின் திருகை அதற்கேற்ப இறுக்கினேன். சரிசெய்த பிறகு பிப்ரவரி வரை ஒப்பாஸம் ஒன்றே ஒன்றுதான். கோழிக்கூண்டுப் பக்கத்துச் சிறிய பொறிக்கு மட்டும் இரண்டரைப் பவுண்டு.

இடத்தைப் பற்றி ஒரு சொல். என் முதல் இரண்டு பொறிகளும் குட்டி இறந்துகிடந்த இடத்துக்குப் பக்கத்தில். அது துக்கத்தில் எடுத்த முடிவு. கயோட்டி அங்கே மறுபடி வரலாம், வராமலும் போகலாம். ஆனால் அது தினமும் நடக்கிற வழி ஒன்று இருக்கிறது. சோயா வயல் முடிந்து புல்வெளி தொடங்குகிற மூலை, டிராக்டர் தடமும் ஓடைக்கரையும் சந்திக்கிற இடம், வேலிக்கம்பியில் மயிர் ஒட்டியிருக்கும் சந்து. பாதையின் நடுவே அதன் எச்சம் கிடக்கும், மயிரும் எலும்புத் துணுக்கும் கலந்து. இங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும் என்பதால் பொறியைப் பாதையின் மேற்குப் பக்கம் ஓரிரு கஜம் தள்ளி வைத்தேன். வாசனை பாதையின் குறுக்கே போகும். வேலிச் சந்தில் கம்பிக் கண்ணி வைக்கலாமே என்று ஒருவர் சொன்னார். அந்தச் சந்தில் என் ஆட்டுக்குட்டியும் தலை நீட்டுகிறது. மறுத்துவிட்டேன்.

டிசம்பர் 20-க்குப் பிறகு பனி இறுகியது. பொறிகள் ஆடவில்லை, இறுக்கம் சரி, இடம் சரி. இரண்டு வாரம் ஒன்றும் மாட்டவில்லை. ஜனவரி 6 காலை நாலாம் எண் பொறியில் பார்த்ததை இன்னும் மறக்கவில்லை. இரவில் தூறலாக விழுந்த பனி அரை அங்குலத்துக்கு வெள்ளையாக மூடியிருந்தது. பாதையிலிருந்து கயோட்டியின் தடம் பிரிந்து வந்து, குழியை நோக்கித் திரும்பி, முன்னங்கால் சரியாகத் தட்டின் நடுவில் பதிந்திருந்தது. நான்கு விரல், இரண்டு நடுநகம், பின்னால் திண்டு, எல்லாம் அச்செடுத்ததுபோல. அளவுகோலை வைத்தால் நடுப்புள்ளியிலிருந்து கால் அங்குலம்கூட விலகவில்லை. மண் கல்லாக உறைந்து தட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது. நான் பூட்ஸ் காலால் மிதித்தேன், அப்போதும் விழவில்லை. குழியிலிருந்த இறைச்சியைக் காணோம். அதற்கு மூன்று நாள் முன்புதான் மூன்றாவது குட்டி போயிருந்தது. அந்தத் தடத்தின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

உறைவதற்குத் தீர்வு மெழுகு மண். சலித்து நன்றாக உலர்த்திய மண் ஐந்து காலன் வாளி ஒன்றுக்கு ஒன்றரைப் பவுண்டு மெழுகுத் துருவல். கோடையில் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பில் பரப்பி வெயிலில் விட்டாலே மெழுகு உருகி மண்ணோடு சேர்ந்துவிடும். ஜனவரியில் வெயிலுக்கு எங்கே போவது? பழைய அலுமினியத் தட்டுகளில் போட்டு, வெளியே கேஸ் அடுப்பின் சின்னத் தீயில் கிளறிக் கிளறிச் சூடாக்கினேன். ரவை வறுப்பதுபோல. கை ஓய்ந்தால் அடி பிடித்துப் புகையும், மெழுகு தீப்பற்றவும் கூடும். வீட்டுக்குள் செய்யவே கூடாது. ஒவ்வொரு மண் துகளுக்கும் மெல்லிய மெழுகுப் பூச்சு வந்துவிட்டால் தண்ணீர் ஒட்டாது, உறையாது. அள்ளி விட்டால் மணல் கடிகாரத்தில் ஓடுவதுபோல விரலிடுக்கில் ஓடும். அடியிலும் பக்கத்திலும் மேலேயும் இந்த மண்தான் போடவேண்டும். மேலே மட்டும் போட்டால் அடிச்சட்டம் உறைந்து பிடித்துக்கொள்ளும். ஒரு பொறிக்கு முக்கால் வாளி வரை பிடித்தது. உப்புக் கலந்தாலும் உறையாது என்பார்கள், இரும்பை அரித்துவிடும். ஒரே ஓர் உப்பு சோதனையில் ஒரு சுருள்வில் கெட்டது. மெழுகு மண் தளர்வாக இருப்பதால் படுக்கை ஆடும். அதற்குப் பொறியின் நான்கு மூலையிலும் தட்டையான கல் துண்டுகளைச் செருகி இறுக்கிவிட்டு, அதன்மேல் மண்ணைப் போட்டேன்.

ஜனவரி 14, கோழிக்கூண்டுப் பக்கச் சிறிய பொறியில் செந்நரி. கறுப்புக் காலுறை அணிந்ததுபோல நான்கு கால்கள், வெள்ளை நுனி வால். பருவம் திறந்திருந்ததால் சட்டப்படி அதைக் கொல்லலாம். ஆனால் கதவு மாட்டிய பிறகு ஒரு கோழியும் போகவில்லை. குட்டிகளை அது தொட்டதற்கு அடையாளமும் இல்லை. எங்கள் வாழப்பாடிப் பக்கம் பொங்கல் முடிந்ததும் வங்காநரியை வலை வைத்துப் பிடித்துவந்து, கோயிலைச் சுற்றி ஓடவிட்டு, திரும்பக் காட்டில் விட்டுவிடும் வழக்கம் இருந்தது. நரி முகத்தில் விழித்தால் அந்த ஆண்டு விளைச்சல் நன்றாக இருக்கும் என்று நம்பினார்கள். வனத்துறை தடுத்து, மீறினால் அபராதம் விதிக்கிறது. அது சரியான தடைதான். ஆனாலும் பொங்கலன்று காலையில் அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. நீண்ட குழாயின் நுனியில் சுருக்குள்ள பிடிகோலால் கழுத்தை மெல்ல நிறுத்தி, தலைமேல் சாக்கைப் போட்டேன். அடங்கிவிட்டது. இரண்டு நெம்புகளையும் பூட்ஸால் மிதித்துக் காலை எடுத்துப் பார்த்தேன். சிறிய வீக்கம், தோல் கிழியவில்லை, விரல்கள் மடங்கி நீண்டன. சுருக்கைத் தளர்த்தியதும் ஒரே ஓட்டம். அன்றிரவு அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். விட்டுவிட்டாய் அல்லவா என்று இரண்டு முறை கேட்டார்.

ஜனவரி 27-இல் நடந்ததை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்றவர்களுக்கு இதுதான் அதிகம் பயன்படும். பொறியின் சங்கிலியைத் தரையோடு பிடித்துநிறுத்தும் முளைகளுக்கு நான் அரை அங்குல முறுக்குக் கம்பியைப் பதினெட்டு அங்குலத் துண்டுகளாக வெட்டியிருந்தேன். பத்தடிக் கம்பியில் ஆறு துண்டு கிடைக்கிறது என்கிற கணக்கு. உறைந்த மண்ணில் அவை பாறைபோல நின்றன. அந்த வாரம் மூன்று நாள் இளவெப்பம் வந்து மேல்மண் களியாகிவிட்டது. காலையில் ஒன்றாம் எண் பொறி இருந்த இடத்தில் பிய்ந்த வட்டமும் ஒரு துளையும் மட்டுமே இருந்தன. பொறி, சங்கிலி, முளை மூன்றும் இல்லை. இழுத்துப்போன கோட்டைப் பின்தொடர்ந்தேன். எழுபது கஜம் தள்ளி, ஓடைக்கரைப் புதரில் சங்கிலி சிக்கிப் பெண் கயோட்டி ஒன்று கிடந்தது. உடனே சுட்டு முடித்தேன். முன்னங்கால் மணிக்கட்டுக்கு மேல் முறிந்திருந்தது. புதரில் சிக்காமல் போயிருந்தால் அது மூன்று காலோடும் இரும்போடும் எத்தனை நாள் திரிந்திருக்கும் என்ற நினைப்பு அந்த வாரம் முழுவதும் என்னை விடவில்லை. குட்டிகளைக் கொன்றதற்காகப் பிடிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு; அதைச் சித்திரவதை செய்ய எனக்கு உரிமை இல்லை. அன்றே எல்லாப் பொறிகளையும் தட்டி மூடினேன். முளைகளை மாற்றும்வரை ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை.

மாற்றாக வந்தது கம்பிவடத்தில் கட்டிய மண்நங்கூரம். பெருவிரல் அளவு இரும்புத் துண்டு, அதில் இரண்டடி எஃகு வடம். செலுத்துகோலின் நுனியில் மாட்டிச் சுத்தியலால் முழு ஆழமும் அடித்து இறக்கி, கோலை உருவிவிட்டு வடத்தை மேலே இழுத்தால், உள்ளே இரும்பு குறுக்காகத் திரும்பிப் பூட்டிக்கொள்ளும். பண்ணை ஜாக்கியை வைத்து ஒன்றை இழுத்துச் சோதித்தேன்: தரை உப்பியதே தவிர நங்கூரம் வரவில்லை. கூடவே ஒவ்வொரு சங்கிலியிலும் சுழல் வளையங்களை ஒன்றிலிருந்து மூன்றாக்கி, நடுவே ஒரு அதிர்வு தாங்கும் ஸ்பிரிங் சேர்த்தேன். விலங்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் சங்கிலி முறுக்காது; பாய்ந்து இழுத்தாலும் அதிர்ச்சி காலில் முழுதாக இறங்காது. பொறிக்கு நான்கு டாலர் கூடுதல் செலவு. இதை முதலிலேயே செய்யாதது பணத்தைப் பார்த்த தவறு.

பிப்ரவரி 3-இல் மறுபடி திறந்தேன். ஆறாம் நாள் காலை, தொடக்கத்தில் சொன்ன ஆண். 37 பவுண்டு. ஜனவரியில் தடத்தைப் பதித்துவிட்டுப் போன அதே பாதை, ஐம்பது கஜம் தள்ளி. பாதம் தாடைக்குள் திண்டுக்குச் சற்று மேலே பிடிபட்டிருந்தது. தோல் உராய்ந்திருந்தது, எலும்பு முழுசு. பாயிண்ட் 22 துப்பாக்கியால் ஒரே குண்டு. குளிர்கால மயிர் முழுதாக இருந்ததால் தோலைப் பெரியவர் உரித்து எடுத்துக்கொண்டார். கற்றுத்தர அவர் வேறு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

கணக்கு இது. பெரிய பொறி ஆறு 144, சிறியது 15, வீணான முறுக்குக் கம்பி 9, நங்கூரங்கள் 28, செலுத்துகோல் 22, சுழல்வளையமும் ஸ்பிரிங்கும் 24, சல்லடை 14, கைக்கரண்டி 18, வாசனைப் பசையும் மூத்திரமும் 27, மெழுகு 24, சாயமும் சோடாவும் 12, பிடிகோல் 62. மொத்தம் 399 டாலர். வீணான கூண்டையும் சேர்த்தால் 494. உரிமக் கட்டணம் தனி. தினமும் காலையில் ஏறத்தாழ ஐம்பது நிமிட நடை. காய்ச்சலாகக் கிடந்த இரண்டு நாள் என் மனைவி போனார். இழப்புப் பக்கம்: பதினொரு கோழிகள், மூன்று குட்டிகள். நன்றாக வளர்ந்த போயர் குட்டி இங்கே 200 டாலருக்கு மேல் விலைபோகும்.

அடுத்த முறை வரிசையை மாற்றுவேன். முதலில் வேலி. 164 அடிச் சுருளாக வரும் மின்வலை நான்கு சுருளும் ஒரு மின்னூட்டியும் கிட்டத்தட்ட ஆயிரம் டாலர். பிப்ரவரி கடைசியில் வாங்கிக் குட்டி ஈனும் திடலைச் சுற்றிக் கட்டிவிட்டேன். அளவுமானியில் 6,000 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டுகிறது. பனி உயர்ந்தாலோ புல் தொட்டாலோ கீழ்க்கம்பிகள் தரையோடு சேர்ந்து மின்சாரம் இறங்கிவிடுகிறது. அதனால் வலையோரம் பனியை வாரிவிடுவது இப்போது காலை வேலையில் சேர்ந்திருக்கிறது. குட்டி ஈனுவதையும் அக்டோபரிலிருந்து ஏப்ரலுக்குத் தள்ளுகிறேன். மெழுகு மண்ணை ஜூலை வெயிலிலேயே நான்கு வாளி செய்து மூடி வைத்துவிடுவேன். பொறிகள் ஆகஸ்ட்டிலேயே வெந்து சாயம் ஏறித் தொங்க வேண்டும். ஆறு பொறி தேவையே இல்லை. சரியான இடத்தில் மூன்று போதும், மூன்றையும் முழுக் கவனத்தோடு படுக்கவைக்கலாம். வேலி தாங்கினால் மூன்றும் கொட்டகையிலேயே தொங்கட்டும்.

மார்ச் 2-ஆம் தேதி எல்லாவற்றையும் தோண்டி எடுத்தேன். நங்கூர வடங்களில் இரண்டு வெளியே வரவில்லை. தரைக்குக் கீழே வெட்டிவிட்டு, இடத்தைப் பெரியவரின் வயல் வரைபடத்தில் குறித்துக் கொடுத்திருக்கிறேன், உழும்போது கலப்பையில் மாட்டிவிடக்கூடாது. நேற்றிரவு ஓடைக்கு அந்தப் பக்கம் ஊளை கேட்டது, இரண்டு குரல். எழுந்து டார்ச்சோடு வலையை ஒரு சுற்று சுற்றி வந்தேன். வடகிழக்கு மூலையில் வலையைத் தாங்கும் கம்பு ஒன்று சாய்ந்திருந்தது. நிமிர்த்திவிட்டுப் படுத்தேன்.